70 சென்டிமீட்டர் சுழற்சி எங்கிருந்து வந்தது? ஆழ்கடல் துளைப் பதிவு ஒன்றின் தரச் சோதனை

பின்னணி

அறிவியலுக்காக ஆழ்கடலில் துளையிடும் பெரும் திட்டம் 1968-இல் குளோமர் சேலஞ்சர் கப்பலோடு தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு துளையும் நமக்கு இரண்டு வகைச் சான்றுகளைத் தரலாம். ஒன்று கோர், அதாவது குழாயில் ஏறி வரும் மண் உருளை. இன்னொன்று லாக், துளைக்குள் கேபிளில் கருவிகளை இறக்கி மேலே இழுத்துக்கொண்டே எடுக்கும் பதிவு. கோரைக் கையில் பிடித்துப் பார்க்கலாம், ஆனால் அங்கங்கே விட்டுப்போகும், மேலே வந்ததும் சற்று உப்பிக்கொள்ளும். லாக் பெரும்பாலும் இடைவெளி இல்லாமல் வரும், மண் இருந்த இடத்திலேயே அளக்கும், ஆனால் அது மறைமுகமான அளவு; கருவி எந்த நேரத்தில் எந்த ஆழத்தில் இருந்தது என்பதை நாம் நம்பித்தான் ஆகவேண்டும். இந்த ஆய்வு அந்த நம்பிக்கையைப் பற்றியது: ஒரு துளையின் லாகில் 70 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வந்த ஏற்ற இறக்கம் உண்மையில் மண்ணிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

துளை இருந்த இடத்தில் கடலின் ஆழம் ஏறத்தாழ 2,400 மீட்டர். கடலடியிலிருந்து 480 மீட்டர் வரை துளைத்திருந்தார்கள். முழுக்க மென்மையான வண்டல்: களிமண்ணும் நுண்ணுயிர் ஓடுகளின் சுண்ணாம்பும் மாறி மாறி வரும். இப்படி மாறி மாறி வருவதில் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்கள் பதிந்திருக்கும் என்பதால், அவற்றை எண்ணிக் காலக்கணக்கு போடுவதுதான் பயணத்தின் நோக்கங்களில் முக்கியமானது. எங்கள் குழுவின் வேலை கரையில் இருந்து பதிவுத் தரவைப் பெற்று, ஆழத்தைச் சரிசெய்து, தரம் பார்த்து, ஆவணக் களஞ்சியத்துக்கு அனுப்புவது.

பதிவு எடுத்த விதம்

துளையைக் கெட்டியான சேற்றால் கழுவி, இடிந்துவிடாமல் இருக்க பாரைட் என்ற கனமான கனிமம் கலந்த சேறு நிரப்பி, டிரில் பைப்பின் அடிமுனையைக் கடலடியிலிருந்து 90 மீட்டருக்கு உயர்த்தி வைத்துவிட்டு, கருவிகளைப் பைப்பின் உள்ளேயே இறக்கினார்கள். முதல் கருவித் தொடரில் காமா (மண்ணின் இயற்கைக் கதிரியக்கம், களிமண் கூடினால் கூடும்), அடர்த்தி, நியூட்ரான் போரோசிட்டி (மண்ணின் துளைவெளி), மின்தடை, துளை விட்டம் ஆகிய அளவுகள். இறங்கும்போதே காமா பதிவானது. அடியைத் தொட்டதும் 480 மீட்டரிலிருந்து 350 வரை மறு ஓட்டம் ஒன்று (ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பகுதியை இன்னொரு முறை அளப்பது), மணிக்கு 550 மீட்டர் வேகத்தில். பிறகு மறுபடி அடிக்குப் போய், மணிக்கு 275 மீட்டர் வேகத்தில் கடலடி வரைக்கும் முதன்மை ஓட்டம். மறு ஓட்டத்தையும் அதே மெதுவான வேகத்தில் எடுப்பதுதான் வழக்கம். நேரம் குறைவாக இருந்ததால் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த வேக வித்தியாசம்தான் பின்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

இரண்டாவது தொடரில் ஒலிவேகக் கருவியும் துளைச் சுவரைப் படமெடுக்கும் கருவியும் இருந்தன. அது 310 மீட்டரில் ஒரு அடைப்பில் உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் முதல் தொடரின் பதிவு மட்டும்தான்.

கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது கேபிளில் தொங்கும் கருவியும் ஏறி இறங்கும். அதை ஈடுகட்ட, கேபிளைச் சுற்றி இழுக்கும் வின்சுக்கும் துளைக்கும் நடுவே ஹீவ் காம்பன்சேட்டர் ஒன்று வேலை செய்யும். கப்பல் மேலே போனால் அது கேபிளை விட்டுக்கொடுக்கும், கீழே வந்தால் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கொஞ்சம் மிச்ச ஆட்டம் இருக்கத்தான் செய்யும்.

கரைக்கு வந்ததும் செய்தது

முதல் வேலை ஆழத்தின் பூஜ்யத்தைக் குறிப்பது. தரவு வரும்போது ஆழம் கப்பலின் துளைமேடையிலிருந்து எண்ணப்பட்டிருக்கும்; அதைக் கடலடியிலிருந்து எண்ணுவதாக மாற்ற வேண்டும். காமா எண்ணிக்கை கடல்நீரில் அநேகமாக ஒன்றுமில்லாமல் இருந்து வண்டலுக்குள் நுழைந்ததும் படியாக ஏறும், பைப்பின் இரும்பு பாதியை மறைத்தாலும் படி தெரியும். இந்தத் துளையில் அந்தப் படி, துளைப்பவர்கள் பைப் நீளத்தைக் கூட்டிச் சொன்ன கடலடியிலிருந்து 3 மீட்டருக்குச் சற்று மேல் விலகி இருந்தது. கேபிளின் நீட்சி, பைப்பின் நீட்சி, ஓதம் என்று பல காரணம் சேர்ந்து இந்த அளவு விலகல் வருவது சாதாரணம். காமா படியையே எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் முதன்மை ஓட்டத்தின் காமாவை அடிப்படையாக வைத்து மற்ற ஓட்டங்களை அதோடு பொருத்தினோம். துளை விட்டம் மிகவும் அகன்ற இடங்களில் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.1 கிராமுக்குப் பக்கம் விழுந்திருந்தது. அடர்த்திக் கருவி சுவரில் ஒட்டினால்தான் மண்ணை அளக்கும், விலகினால் துளையில் இருக்கும் திரவத்தைத்தான் அளக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த கோளாறு, துளை விட்டத்தையும் அடர்த்தித் திருத்த அளவையும் சேர்த்துப் பார்த்தாலே பிடிபடும். பாரைட் சேற்றால் ஒளிமின் அளவு (மண்ணின் கனிம வகையைக் காட்டுவது) பயன்படாது என்று குறித்தோம். இதுவரை எதுவும் புதிதில்லை.

சந்தேகம் கிளம்பிய இடம்

கப்பலில் இருந்த காலநிலை வரலாற்று ஆராய்ச்சியாளர் ஒருவர் முதல்கட்டத் தரவை வைத்தே வேலையைத் தொடங்கியிருந்தார். 440 மீட்டருக்கும் 352 மீட்டருக்கும் நடுவே அடர்த்தியில் 70 சென்டிமீட்டருக்கு ஒரு ஏற்ற இறக்கம், அவ்வளவு சீராக, ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அலைநீளம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) கூர்மையான ஒற்றை முகடாக நின்றது. துளையும் அந்தப் பகுதியில் நன்றாகவே இருந்தது, கருவி சுவரைத் தொட்டுக்கொண்டுதான் போயிருக்கிறது. அவர் அதைச் பூமியின் அச்சு சுமார் 21,000 ஆண்டுக்கு ஒருமுறை தள்ளாடும் சுழற்சி என்று எடுத்துக்கொண்டார். கணக்குப் போட்டால் வண்டல் படிந்த வேகம் ஆயிரம் ஆண்டுக்கு 3.3 சென்டிமீட்டர். 352-இல் சுழற்சி திடீரென்று நின்றுபோவதை ஒரு பெரிய காலநிலை மாற்றமாகப் படித்தார்.

இதில் ஒரு இடறல் இருந்தது. நுண்புதைபடிவ நிபுணர்கள் கொடுத்த வயதுகள் அதே பகுதிக்கு ஆயிரம் ஆண்டுக்கு 5-இலிருந்து 6 சென்டிமீட்டர் என்று சொல்லின. இரண்டையும் சமாதானப்படுத்த, நடுவில் வண்டல் படியாமல் போன காலம் ஒன்று இருந்திருக்கலாம் என்று வரைவில் எழுதியிருந்தார்.

அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர் இல்லை. மின்தடையில் இந்தச் சுழற்சி ஏன் இல்லை என்று தானே கேட்டு, அந்தக் கருவி 1 மீட்டருக்கும் குறைவான அடுக்குகளைப் பிரித்துக் காட்டாது என்று சரியாகவே பதில் சொல்லியிருந்தார். அடர்த்திக் கருவி 40 சென்டிமீட்டர் அளவில் பிரித்துப் பார்க்கும், ஆகவே 70 அதற்கு எட்டுவதுதான். காமாவிலும் மங்கலாக அதே 70 இருந்தது. இரண்டு தனித்தனிக் கருவிகள், இரண்டு தனித்தனி இயற்பியல், ஒரே சுழற்சி. இதைவிட வேறென்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

எனக்கு இடித்தது வேறு ஒரு இடம். காமாவில் அந்த அலை 432-இல் தொடங்கி 344-இல் முடிந்தது. அடர்த்தியில் 440-இல் தொடங்கி 352-இல் முடிந்தது. இரண்டு முனையிலும் அதே 8 மீட்டர். களிமண் அளவின் மாற்றம் கொஞ்சம் பின்தங்கி வந்திருக்கலாம் என்பது வரைவில் இருந்த விளக்கம். ஆனால் கருவித் தொடரின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், காமா உணரி அடர்த்தி உணரிக்கு மேலே இருந்தது, இரண்டுக்கும் நடுவே 8 மீட்டர்.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மண்ணில் இருக்கும் ஒரு அடுக்கை இரண்டு உணரிகளும் வெவ்வேறு நேரத்தில் கடக்கும். உணரிகளின் இடைவெளியைக் கழித்து ஆழத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். கருவித் தொடர் முழுவதும் குலுங்கினால் இரண்டு உணரிகளும் ஒரே நேரத்தில் குலுங்கும். அதை ஆழத்தில் வைத்தால் உணரி இடைவெளி அளவுக்கு விலகி நிற்கும். இங்கே விலகித்தான் நின்றது. காமாவும் அடர்த்தியும் வேறு வேறு இயற்பியல்தான், ஆனால் இரண்டும் ஒரே கேபிளில் தொங்கியவை. ஆட்டத்தைப் பொறுத்தவரை அவை தனித்தனிச் சாட்சிகள் ஆகா.

இரண்டு ஓட்டங்களை ஒப்பிட்டது

மறு ஓட்டத்தை எடுத்து முதன்மை ஓட்டத்தின் மேல் வைத்தோம். பெரிய வடிவங்கள் எல்லாம் அச்சுப் போட்ட மாதிரி பொருந்தின. 70 சென்டிமீட்டர் அலை மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஏறத்தாழ 1.4 மீட்டர் அலைநீளத்தில் சின்னதாக ஒன்று இருந்தது, அதுவும் 480-இலிருந்து 350 வரை முழுநீளத்துக்கு.

மணிக்கு 275 மீட்டர் என்றால் நொடிக்கு 7.6 சென்டிமீட்டர். கடல் வீக்கத்தின் (கப்பலை ஏற்றி இறக்கும் நீண்ட அலையின்) காலம் 9 நொடி என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆட்டத்துக்குள் கேபிள் 69 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். 550 என்றால் 1.38 மீட்டர். வண்டலில் இருக்கும் சுழற்சிக்குக் கருவியின் வேகம் தெரியாது. எந்த வேகத்தில் இழுத்தாலும் அதே ஆழத்தில் அதே நீளத்தில்தான் இருக்கும். வேகம் இரண்டு மடங்கானதும் அலைநீளமும் இரண்டு மடங்காவது கப்பலின் ஆட்டத்துக்கு மட்டுமே உரியது.

ஸ்பெக்ட்ரம் போடும்போது ஒரு சின்ன விஷயம் நேரத்தைத் தின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். அளவு இல்லாத இடங்களில் கோப்பில் -999.25 என்ற எண் நிற்கும். அதை நீக்காமல் ஸ்பெக்ட்ரம் போட்டால் எல்லா அலைநீளத்திலும் குப்பை ஏறிவிடும். எங்களுக்கு வந்த முதல்கட்டக் கோப்பில் மறு ஓட்டத்தின் நடுவே அப்படிச் சில வரிகள் இருந்தன. மறு ஓட்டத்தின் ஸ்பெக்ட்ரம் பயனில்லை என்று கப்பலில் ஒதுக்கியதற்கு அதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கடிகாரக் குழப்பம்

அலைநீளக் கணக்கு பொருந்தியது. ஆனால் 440-இல் தொடங்கி 352-இல் நிற்பானேன்? காம்பன்சேட்டர் அந்த நேரத்தில் நின்றிருந்தால் பொருந்தும். பதிவுப் பொறியாளரின் தாள் குறிப்பு ஸ்கேனாக எங்களிடம் இருந்தது. கையெழுத்தில், ஓரத்தில், "காம்ப். நின்றது", அதற்குக் கீழே "மறுபடி ஓடுகிறது", இரண்டுக்கும் பக்கத்தில் மணி மட்டும். ஆழம் எழுதவில்லை. அந்த மணியைப் பதிவுக் கணினியின் நேரத்தோடு வைத்துப் பார்த்தால் அது முதல் தொடர் மேலே வந்து, இரண்டாவது தொடரைக் கோத்துக்கொண்டிருந்த நேரத்தில் போய் விழுந்தது. துளைக்குள் கருவியே இல்லாத நேரம். அதனால்தான் அந்தக் குறிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை.

கணினி உலகப் பொது நேரத்தில் ஓடியது. பொறியாளர் எழுதியது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அதாவது கப்பலின் உள்ளூர் நேரம். இதை உறுதிசெய்ய, கருவிகள் அடியைத் தொட்ட நேரத்தை அவர் குறித்திருந்ததையும், கேபிள் இழுவிசை சட்டென்று குறைந்த நேரத்தைக் கணினியில் தேடியதையும் பக்கத்தில் வைத்தோம். வித்தியாசம் முழு மணிக்கணக்கில், கப்பலின் நேர மண்டலத்துக்குச் சரியாக வந்தது. திருத்தியதும் காம்பன்சேட்டர் நின்ற நேரம் அடர்த்தி உணரி 440-இல் இருந்த நேரத்திலும், மறுபடி ஓடியது 352-இலும் வந்து உட்கார்ந்தன. நடுவே 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மிச்சம் இருந்தது நேர வரிசைக் கோப்பு. ஆழ வரிசையில் மாற்றிய கோப்பு மட்டுமே எங்களுக்கு வந்திருந்தது, நேர வரிசையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதில் கருவித் தொடரின் மேல்முனையில் இருக்கும் முடுக்கமானியின் அளவுகள் உண்டு. அந்த 20 நிமிடத்தில் 9 நொடியில் பெரிய முகடு, முன்னும் பின்னும் அது சிறுத்துப் போயிருந்தது. உச்சத்திலிருந்து தாழ்வு வரை ஏறத்தாழ 1 மீட்டர் ஆட்டம் என்று கணக்கிட்டோம். அப்படியானால் கருவியின் ஆட்ட வேகம் நொடிக்கு 35 சென்டிமீட்டர் வரை போயிருக்கும், கேபிள் இழுத்ததோ 7.6. மேலே ஏறுகிறது என்று கேபிள் எண்ணிக்கை சொன்ன நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரம் கருவி கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே படியில் ஏறி இறங்கி ஏறிவிட்டு மூன்று படி ஏறினதாகக் கணக்கு எழுதின மாதிரி, ஒரே அடுக்கு பல அடுக்காகப் பதிவானது. அடர்த்தி வேகமாக மாறும் இடங்களில் அலை பெரிதாகவும், ஒரே சீரான மண்ணில் சிறிதாகவும் இருந்ததும் இதோடு ஒத்துப்போனது.

என்ன செய்வது என்ற முடிவு

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. அந்தப் பகுதியை அழித்து -999.25 போட்டுவிடலாம். குறுகிய அலைகளை வடிகட்டி வழவழப்பாக்கித் தரலாம். அல்லது முடுக்கமானியை வைத்துக் கருவியின் உண்மையான ஆழத்தைத் திரும்பக் கணக்கிடலாம்.

மூன்றாவதைத்தான் முதலில் முயன்றோம். முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டால் நகர்வு கிடைக்கும், ஆனால் சின்னப் பிழையும் நேரம் போகப் போகப் பெருகும், அதை வெட்ட ஒரு வடிகட்டி, வடிகட்டியால் அலையின் கட்டம், அதாவது முகடு விழும் இடம், சற்று நகரும். கிடைத்த ஆழத்தில் அடர்த்தியை மறுபடி வரிசைப்படுத்தினால் 70 சென்டிமீட்டர் அலை பெருமளவு போனது, முழுக்கப் போகவில்லை. வேலை செய்கிறது என்று எங்களுக்குக் காட்டுவதற்குப் போதும்; பொதுக் களஞ்சியத்தில் "திருத்திய அடர்த்தி" என்று பெயர் போட்டு வைக்கப் போதாது என்று குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

வடிகட்டுவதற்கு நான் உறுதியாக மறுத்தேன். வழவழப்பான கோட்டைப் பார்க்கிறவருக்கு அதில் ஏதோ நடந்தது என்றே தெரியாது. 2 மீட்டருக்குக் குறைவான அலை எதுவும் அந்தப் பகுதியில் இல்லை என்று இன்னொருவர் முடிவு கட்டிவிடுவார், அதுவும் பொய்தான். அழிப்பதில் வேறு சிக்கல்: பெரிய அளவிலான மாற்றங்களுக்கு அந்தப் பதிவு இன்னும் நல்ல தரவு, மறு ஓட்டத்தோடு அது பொருந்தியதே சாட்சி.

அதனால் எண்களை அப்படியே விட்டு, பக்கத்தில் தரக் குறியீட்டு நெடுவரிசை ஒன்று சேர்த்தோம். 440-இலிருந்து 352 வரை அடர்த்திக்கும், 432-இலிருந்து 344 வரை காமாவுக்கும் "ஹீவ் பாதிப்பு, 1.5 மீட்டருக்குக் குறைந்த விவரங்களை நம்ப வேண்டாம்" என்று. மறு ஓட்டத்தையும் தனிக் கோப்பாக, அதன் வேகத்தையும் 1.4 மீட்டர் மிச்ச அலையையும் குறிப்பிட்டு வெளியிட்டோம். விளக்க ஆவணத்தில் காம்பன்சேட்டர் நின்ற நேரம், ஆழம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பது எல்லாம் எழுதினோம்.

தொடர்ந்து நடந்தது

ஆராய்ச்சியாளரிடம் சொல்லுவது எளிதாக இருக்கவில்லை. மாதக்கணக்கான உழைப்பு அதில் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கோர் என்ன சொல்லுது?" நியாயமான கேள்வி. அதே பகுதியின் கோர் அடர்த்தியை எடுத்தோம். கோரில் இடைவெளிகள் இருந்தன, கோர் ஆழமும் லாக் ஆழமும் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை விலகிப் போயின, ஆகவே புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட முடியாது. ஆனால் முழுதாக வந்த கோர்களின் ஸ்பெக்ட்ரத்தைத் தனித்தனியாகப் பார்க்கலாம். எதிலும் 70 சென்டிமீட்டர் இல்லை. 2.3 மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு முகடு பலவற்றில் இருந்தது. அதே 2.3 லாகின் முதன்மை ஓட்டத்திலும், மறு ஓட்டத்திலும், காம்பன்சேட்டர் ஒழுங்காக ஓடிய மேல்பகுதியிலும் இருந்தது. 70-இன் பக்கத்தில் மங்கிப்போய் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

நுண்புதைபடிவங்கள் சொன்ன வேகத்தில், ஆயிரம் ஆண்டுக்கு 5.6 சென்டிமீட்டர் என்று வைத்தால், 2.3 மீட்டர் என்பது 41,000 ஆண்டு. பூமியின் அச்சுச் சாய்வு மாறும் காலம். கோர்கள் ஒவ்வொன்றும் 9.5 மீட்டர் நீளம்தான் என்பதால் ஒரு கோரில் நான்கு சுழற்சிதான் அடங்கும், இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்று அவரே எச்சரிக்கையோடு எழுதினார். வண்டல் படியாத காலம் வரைவிலிருந்து நீங்கியது. 352-இல் நடந்ததாக எழுதிய காலநிலை மாற்றமும் நீங்கியது.

இனி மாற்றுவது

எங்கள் பக்கம் மாறியது முதலில். ஆழத்தில் 1 மீட்டர் அளவில் சுழற்சி தேடும் எந்தத் துளைக்கும், ஒவ்வொரு ஓட்டத்தின் வேகத்தையும் கடல் வீக்கத்தின் காலத்தையும் பெருக்கி, அந்த அலைநீளத்தை ஸ்பெக்ட்ரத்தில் செங்குத்துக் கோடாகப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறோம். கோட்டின் மேல் முகடு உட்கார்ந்தால் உடனே மறு ஓட்டமும் உணரி இடைவெளிச் சோதனையும். நேர வரிசைக் கோப்பு வராமல் தரச் சோதனை முடிந்ததாகக் கையெழுத்து போடுவதில்லை.

கப்பல் பக்கத்துக்கு மூன்று கோரிக்கை அனுப்பினோம். தாள் குறிப்பில் உலகப் பொது நேரமும் கேபிள் ஆழமும் சேர்த்து எழுத வேண்டும். காம்பன்சேட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தரவோடு ஒரு தனி அளவாகவே பதிய வேண்டும். நேரம் எவ்வளவு குறைந்தாலும் மறு ஓட்டத்தைக் கைவிடக் கூடாது, முடிந்தால் வேறு வேகத்தில் எடுக்க வேண்டும். முதல் கோரிக்கையை உடனே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்குக் காம்பன்சேட்டரின் கட்டுப்பாட்டுக் கணினியையும் பதிவுக் கணினியையும் இணைக்க வேண்டும் என்பதால் அது இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவதற்குப் பதில், மணிக்கணக்கில் வாடகை ஓடும் கப்பலில் அந்தந்தப் பயணத்தின் தலைமை விஞ்ஞானிதான் முடிவெடுப்பார் என்பது. அதனால் இப்போது அவர்களுக்குப் பயணத்துக்கு முன்பே இந்தத் துளையின் முதன்மை ஓட்டம், மறு ஓட்டம் ஆகிய இரண்டின் ஸ்பெக்ட்ரங்களையும் ஒரே பக்கத்தில் போட்டு அனுப்பிவிடுகிறோம்.